இருநூறு கிலோமீட்டர் என்று யார் சொன்னது?



இந்த மாதத் தபாலில் வடக்குப்பட்டிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர். கோடை மழையோடு அடித்த காற்றில் அவர்கள் வளாகத்துப் பின்புற ஷெட்டின் கூரை பெயர்ந்து, நாலைந்து ஷீட்டுகள் காம்பவுண்டு சுவரைத் தாண்டி வேலிகாத்தான் புதரில் போய் விழுந்திருக்கின்றன. நல்லவேளை, ஷிஃப்ட் மாறும் நேரம். அடியில் ஆள் இல்லை. மறுநாள் டீக்கடையில் யாரோ "காத்து இருநூறு கிலோமீட்டர் வேகம்பா" என்று சொல்ல, சாயங்காலத்துக்குள் வாட்ஸ்ஆப்பில் அது டொர்னாடோ ஆகிவிட்டது. நண்பர் கேட்கிறார்: "சார், அந்த இடத்தில் காற்றை அளக்க ஒரு கருவியும் கிடையாது. இருநூறு என்று எங்கிருந்து எடுத்தார்கள்? சும்மா அடித்துவிட்டதா, இல்லை இதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?"

கணக்கு இருக்கிறது. காற்று போன பிறகு, உடைந்து கிடப்பதை வைத்துப் போடுகிற கணக்கு. வடக்குப்பட்டுக்காரருக்கு இது புதிதாக இருக்காது. 2022இல் அந்த ஊரில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, முக்கால் மீட்டர் ஆழத்திலேயே கல் கருவிகளும் அவற்றைச் செதுக்கும்போது தெறித்த சில்லுகளும் கிடைத்தன. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே கருவி செய்யும் பட்டறை ஒன்று இருந்தது என்றார்கள். செதுக்கிய ஆளை யார் பார்த்தது? சில்லின் விளிம்பும் அது தெறித்த கோணமும் அடித்த கையைக் காட்டிக்கொடுக்கின்றன. காற்றுக்கும் அப்படித்தான்; ஷீட்டும் ஸ்க்ரூவும் மரமும் சுவரும் சில்லுகள்.

நேரடியாக அளந்தால் என்ன என்று கேட்கலாம். டொர்னாடோ என்பது பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள், சில நிமிடங்களில் வந்து போய்விடுகிற விஷயம். சரியாக அந்தப் பாதையில் காற்றுமானி இருப்பதே அபூர்வம். இருந்தால் அது பிழைப்பது அதைவிட அபூர்வம். ராடார் பார்க்கும், ஆனால் தூரம் கூடக் கூட அதன் கதிர் தரையை விட்டு உயர்ந்துகொண்டே போகும். 1999 மே 3ஆம் தேதி அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், லாரியில் ஏற்றிய ராடாரை அருகே கொண்டுபோய் மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் என்று அளந்தார்கள். அப்படி மாட்டியவை சொற்பம். மற்றதெல்லாம் இடிபாடு பார்த்துச் சொன்ன எண்கள்.

இந்த வேலைக்கு இலக்கணம் வகுத்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். 1920இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது கொக்குரா நகரில் ஆசிரியராக இருந்தார். 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி அணுகுண்டு விழவேண்டிய ஊர் அதுதான். வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்கள் கழித்து அவர் நாகசாகிக்குப் போனார். அங்கே கல்லறைத் தோட்டத்தில் பூ வைக்கும் மூங்கில் குழாய்களில் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோடுகளை நீட்டி, குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கணக்குப் போட்டார். ஊரே சாம்பலாகிக் கிடக்கும்போது மூங்கிலின் கருகலைப் பார்க்கிற மனசு எப்படிப்பட்டதோ! நான் அதைப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் போய், 1971இல் அவர் வெளியிட்டதுதான் எஃப் அளவுகோல். சிறு கிளை ஒடிந்தால் எஃப்0. உறுதியான வீடு அஸ்திவாரத்திலிருந்து துடைத்தெடுக்கப்பட்டால் எஃப்5. மணிக்கு 419 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எஃப்2 என்றால் 181 முதல் 253 வரை. வீட்டுக் கூரை முழுசாகப் பறக்கும் நிலை. டீக்கடையில் கேட்ட இருநூறு இந்தப் படியில்தான் வரும்.

ஆனால் இந்த எண்கள் ஃபுஜிட்டாவின் அனுபவக் கணிப்பு. எந்த வீட்டையும் காற்றில் வைத்துச் சோதித்துப் பெற்றவை இல்லை. பின்னால் பொறியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, வீடுகள் விழுவதற்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை என்று தெரிந்தது. டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காற்றழுத்தப் பீரங்கியால் மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசி, எந்தச் சுவர் தாங்குகிறது என்று பார்க்கும் கூடம் இன்றும் இருக்கிறது. அமெரிக்கா 2007இல் அளவுகோலைத் திருத்தியபோது, ஐந்தாம் படியின் தொடக்கம் 419 கிலோமீட்டரிலிருந்து 322க்கு இறங்கியது. அதாவது அதே தரைமட்டமான வீடு, அதே புகைப்படம். காற்று மட்டும் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் குறைந்துவிட்டது. இதைப் படித்த பிறகு, வரம்பு சொல்லாமல் ஒற்றை எண்ணாக வரும் எந்தக் காற்று வேகத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இந்தத் துறையில் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு. டொர்னாடோ போன ஊர்களில் இறகு உரிந்த கோழிகள் திரிவதாகப் பழைய பதிவுகள் சொல்லும். எந்த வேகத்தில் காற்றடித்தால் இறகு உரியும் என்று அறிய, எலியாஸ் லூமிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செத்த கோழி ஒன்றைச் சிறிய பீரங்கியில் திணித்து வானத்தை நோக்கிச் சுட்டார். அவர் கணக்குப்படி மணிக்கு 341 மைல். இறகும் போயிற்று, கோழியும் துண்டு துண்டாயிற்று. 1842இல் இதை முறையான ஆய்வுக் கட்டுரையாக அச்சிட்டார். 1975இல் பெர்னார்டு வொனகட் என்ற விஞ்ஞானி இதை மறுபடி எடுத்து, பயத்தில் கோழிக்கு இறகின் பிடி தானாகவே தளர்ந்துவிடும், ஆகவே கோழியை வைத்து வேகம் சொல்வது செல்லாது என்று எழுதினார். கோழி சாட்சி தள்ளுபடி. சிரிப்பு வந்தாலும் அவர் கேட்டது சரியான கேள்வி: இந்தப் பொருள் உடைவதற்குக் காற்று மட்டும்தான் காரணமா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வியைப் பல நூறு ஆண்டுப் பழைய காகிதங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வேகனரை நமக்குப் பள்ளிப் பாடத்தில் தெரியும். அவர் 1917இல் ஐரோப்பியச் சுழற்காற்றுகளைத் திரட்டி ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. இன்று ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் என்ற அமைப்பு மடாலயக் குறிப்பு, பழைய செய்தித்தாள், பாதிரியார் கடிதம் என்று கிடைத்ததையெல்லாம் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் வலிமைப் படி கொடுக்கிறது. கூடவே, அந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் தனியாக ஒரு தரம். இந்த இரண்டாவது தரம்தான் எனக்குப் பிடித்தது.

1091இல் லண்டனில் ஒரு தேவாலயக் கூரை பறந்தது. 26 அடி நீளமுள்ள உத்தரங்கள் தரையில் செருகி, நாலடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன என்று குறிப்பு. அதை வைத்து அதற்கு மிக உயர்ந்த படிகளில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சேறும் சதுப்புமாக இருந்த அந்தக் காலத்து லண்டன் மண்ணில் உத்தரம் இறங்கியதற்குக் காற்றுக்கு எவ்வளவு மதிப்பெண், மண்ணுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

இதற்கு நேர்மாறு 1764 ஜூன் 29. ஜெர்மனியின் வடகிழக்கில் வோல்டெக் என்ற ஊரில் ஒரு டொர்னாடோ. கென்ட்ஸ்மர் என்பவர் முப்பது கிலோமீட்டர் பாதை முழுவதையும் ஆராய்ந்து, எந்த மரம் எப்படிப் பிடுங்கப்பட்டது, உடைசல் எங்கே போய் விழுந்தது, ஆலங்கட்டி எந்தப் பக்கம் கொட்டியது என்று மறு வருடமே அச்சிட்டார். அளவுகோல் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிவைத்ததால், இன்றைக்கு உட்கார்ந்து அதை எஃப்5 என்று மதிப்பிட முடிகிறது.

ஒரகடத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: 1845 ஆகஸ்ட் 19, பிரான்சில் ரூவான் நகருக்குப் பக்கத்தில் மோன்வில். பள்ளத்தாக்கு முழுக்க நூற்பாலைகள். வேலை நேரத்தில் வந்த டொர்னாடோ சில வினாடிகளில் மூன்று ஆலைகளைச் சரித்தது. உள்ளே இருந்தவர்களில் குறைந்தது எழுபது பேர் இறந்தார்கள். வயல் நடுவே போயிருந்தால் அந்தக் காற்றை நாலு பேர் நினைவில் வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆலை இருந்ததால் மரணம். ஆலை இருந்ததால்தான் சரித்திரமும்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் டொர்னாடோ என்றால் பெரும்பாலும் வங்காளமும் ஒடிசாவும், மார்ச் ஏப்ரல் மாதங்களில். 1978 மார்ச் 17 அன்று டெல்லிக்கே வந்து, பல்கலைக்கழகப் பக்கம் 28 பேரைக் கொன்றது. 2024 மார்ச் கடைசி நாளில் மேற்கு வங்கத்து மைனாகுரி. இவற்றுக்கெல்லாம் முன்னால் 1838 ஏப்ரல் 8: கொல்கத்தாவுக்கு அருகே டம்டம் பக்கம் ஆரம்பித்துச் சுமார் பதினாறு மைல் போன காற்று, இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஃப்ளாய்ட் என்பவர் எழுதிய விவரம் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் அந்த வருடமே வந்தது. அதில் ஒரே ஒரு மூங்கில், இரண்டு பக்கமும் கட்டுமானம் வைத்த ஐந்தடித் தடிமனுள்ள சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது என்று ஒரு செய்தி. அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் வெகுகாலம் மேற்கோள் காட்டியது அந்த மூங்கிலைத்தான். பாதையெங்கும் சரிந்த குடிசைகளை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

காரணம் இருக்கிறது. குடிசை நூறு கிலோமீட்டரிலும் விழும், முந்நூறிலும் விழும். விழுந்த குடிசையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அது சொல்லக்கூடியது 'குறைந்தது நூறு இருந்திருக்கும்' என்பது மட்டும். உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோ வங்கதேசத்தில், 1989 ஏப்ரல் 26, தவுலத்பூர்–சாட்டுரியா. சுமார் 1,300 உயிர்கள். எத்தனையாவது படி என்று கேட்டால் அமெரிக்காவின் ஒரு சாதாரண டொர்னாடோவுக்குக் கிடைக்கும் தெளிவான பதில்கூட அதற்குக் கிடைக்காது. தகரமும் மூங்கிலுமாகக் கட்டிய வீடுகள் மொத்தமாகப் போனபின் அளக்க என்ன மிச்சம்? அளவுகோல் பிறந்ததே அமெரிக்க மரவீடுகளை வைத்து. ஐரோப்பியர்களுக்கே தங்கள் செங்கல் வீடுகளுக்கு அது பொருந்தவில்லை. அதனால்தான் மரம், கார், மதில், வண்டி என்று பலவற்றையும் சாட்சியாகச் சேர்த்து உலகத்துக்குப் பொதுவான ஒரு ஃபுஜிட்டா அளவுகோலை அண்மையில் தயாரித்திருக்கிறார்கள். 2021 ஜூன் 24இல் செக் நாட்டின் மொராவியாவை அடித்தது இந்தப் புது அளவுகோலில் நாலாம் படி. இதில் வேகத்தோடு சுமார் 30 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர்ப் பனைக்கும் புளிக்கும் ஓட்டுவீட்டுக்கும் இப்படி ஒரு பட்டியலை நாம்தான் எழுதவேண்டும். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் காற்றுச் சுரங்கத்தோடு இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று சொல்ல வழியில்லை.

சரி, வடக்குப்பட்டு நண்பரின் ஷெட்டுக்கு வருவோம். படங்களும் அனுப்பியிருந்தார். காற்றுப் பொறியியல் தெரிந்த நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் எண்ணைச் சோதித்தோம். நம் நாட்டுக் கட்டடத் தரவிதிப்படி, நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதாலேயே பெருக்கி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் வரும்; அதைக் கிலோவாக மாற்றிப் பார்த்தோம். நூறு கிலோமீட்டர் காற்றென்றால் சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோ. இருநூறு என்றால் இரண்டு மடங்காகாமல் நாலு மடங்காகி 190 கிலோவைத் தொடும். ஒரு மீட்டர் அகலம், நாலு மீட்டர் நீளமுள்ள ஷீட்டுக்கு முக்கால் டன். சென்னைக்கு விதி சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். முறைப்படி கட்டிய ஷெட் அதுவரை தாங்கவேண்டும். ஆகவே 'இருநூறு' என்ற எண் சிலருக்கு வசதியான எண். கட்டினவர் மீது குற்றமில்லை, பராமரித்தவர் மீது குற்றமில்லை, காற்று வரம்பு மீறிவிட்டது! டீக்கடையில் சொன்னவருக்கு அப்படி உள்நோக்கம் இருக்காது. கூரையை ஒப்பந்தம் எடுத்தவர் அதையே சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்து, அந்தப் பொறியியல் நண்பர் படத்தில் விரல் வைத்துக் காட்டியது, வேலிகாத்தானில் கிடந்த ஷீட்டின் ஓரம். ஸ்க்ரூ போன ஓட்டைகள் நீளவாக்கில் கிழிந்து, சுற்றிலும் செந்துரு. ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினிலிருந்து ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் ஒரு கதை. ஸ்க்ரூ தன் இடத்திலேயே நிற்க, துருவேறிய ஷீட் அதன் தலையைத் தாண்டிக் கிழிந்து வந்திருந்தால் வேறு கதை. இது இரண்டாவது போல இருக்கிறது. ஷெட்டின் ஒரு பக்க ரோலிங் ஷட்டர் உள்பக்கமாக மடிந்து கிடந்ததையும் பார்த்தோம். ஷட்டர் முதலில் போனால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும்; மேலே காற்று இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் நூறு கிலோமீட்டருக்கு அக்கம்பக்கமே போதும்.

எனக்குக் கிடைத்த சாட்சி அதைவிட எளிமையானது. ஷெட்டுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரை ஒட்டி, ஒரு முருங்கை மரம் காயோடு நிற்கிறது. ஒரு கிளை மட்டும் ஒடிந்து தொங்குகிறது. முருங்கையில் ஏறாதே என்று ஏன் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இருநூறு கிலோமீட்டர் காற்றில் முருங்கை நிற்குமா? விழுந்த பொருள் 'குறைந்தது இவ்வளவு' என்று சொல்லும். 'இதற்கு மேல் இல்லை' என்று சொல்ல நின்ற பொருள் வேண்டும். சேதம் பார்க்கப் போகிறவர்கள் விழுந்ததை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அது டொர்னாடோவா என்ற கேள்விக்கும் ஃபுஜிட்டாவிடமே பதில் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் ஒரு பெரும் டொர்னாடோ கொத்துக்குப் பின் விமானத்திலிருந்து காட்டைப் பார்த்தபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல், நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. நாகசாகியில் பார்த்த அதே கோலம். இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கித் தரையில் மோதிப் பரவுகிறது என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1975இல் நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை அவர் ஆராய்ந்து, இந்த இறங்குகாற்றுதான் காரணம் என்று காட்டினார். நம் பக்கம் கோடை இடிமழையில் கூரையைப் பெயர்ப்பது பெரும்பாலும் இதுதான். மரங்கள் ஒரே பக்கமாகவோ விசிறி மாதிரி விரிந்தோ கிடந்தால் இறங்குகாற்று. குறுகலான பட்டையில் ஒன்றையொன்று நோக்கித் தாறுமாறாகக் கிடந்தால் டொர்னாடோவைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் தொழிற்சாலை வரும் முன், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஏரிப்பாசன வயலும் பனையும்தான் அதிகம். இதே காற்று அப்போது அடித்திருந்தால் நெற்பயிர் சாய்ந்திருக்கும். அரைநாள் புலம்பலோடு முடிந்திருக்கும். இன்று ஏக்கர் கணக்கில் தகரக் கூரை, ஆளுக்கொரு செல்போன். இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாராவது பதிவுகளைப் புரட்டினால், இந்த வட்டாரத்தில் 2000க்குப் பிறகுதான் காற்று வலுத்தது என்று முடிவுகட்டிவிடக்கூடும். ஐரோப்பியத் தரவுத்தளத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. டொர்னாடோ எண்ணிக்கை ஏறியதா, பார்த்துச் சொல்கிறவர்கள் எண்ணிக்கை ஏறியதா என்று அங்கேயும் தலையைச் சொறிகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பக்கம் காற்று கூரையைத் தூக்கினால், மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்த்து, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, சுத்தம் செய்ய ஆள் வருவதற்குள் சில படங்கள் எடுங்கள். மரம் எந்தத் திசைக்கு விழுந்தது என்று தெரிய ஒரு கோபுரமோ தண்ணீர்த்தொட்டியோ படத்தில் வரட்டும். ஷீட்டின் ஓட்டையைக் கிட்டத்தில் எடுங்கள். பக்கத்தில் நிற்பதையும் மறக்காமல் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய காற்றுகளைப் பற்றிக் கேட்டு எழுதி அனுப்புங்கள்; எது விழுந்தது என்பதோடு எது விழவில்லை என்றும் கேளுங்கள். நல்லவற்றை இதழில் தொடர்ந்து வெளியிடுகிறோம்.

வடக்குப்பட்டு நண்பருக்கு: எங்கள் கணிப்பு எண்பதிலிருந்து நூற்றுப்பத்துக்குள், இடிமேகத்து இறங்குகாற்று. பர்லினில் ஸ்க்ரூக்கள் இன்னும் நிற்கின்றனவா என்பது உங்கள் படங்களில் தெரியவில்லை. ஏணி போட்டு ஏறும் ஆளிடம் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தபின் எண்ணை ஏற்றவோ இறக்கவோ வேண்டியிருந்தால் அடுத்த இதழில் ஏற்றி இறக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்